திருவிளக்கிட்ட கணம்புல்ல நாயனார்

சேலத்துக்குக் கிழக்கே மலையடிவாரத்தில் இறங்கி, பேளூர், ஏத்தாப்பூர், ஆத்தூர், ஆறகளூர் முதலிய சிவத்தலங்களின் வழியே செல்லும் வசிட்ட நதி, பின்னர்ச் சுவேத நதியோடு கலந்து, வெள்ளாறு என்னும் பெயருடன் பரங்கிப்பேட்டைக்கு அருகே கடலை அடைகின்றது. புதுக்கோட்டைச் சீமையில் ஓடும் வெள்ளாறு வேறு. அதனின்றும் பிரித்தறியும் பொருட்டு இதனை வடவெள்ளாறு என்பர். இவ்வாற்றின் தென்கரையிலுள்ள இருக்குவேளூரில் கணம்புல்ல நாயனார் அவதரித்தருளினார் என்பது சேக்கிழார் பெருமான் வாக்கு. அவ்வூர் வாழப்பாடிக்கு அருகே தான்தோன்றீசுவரர் எழுந்தருளியுள்ள பேளூரே என்பது சேலத்து அடியார்களின் கொள்கை.

நாயனார் அவ்வூரில் குடிமுதல்வராகவும் குறைவற்ற செல்வராகவும் விளங்கினார். செல்வத்தால் அடையும் பயன், சிவபெருமான் திருக்கோயிலுள் திருவிளக்கு எரித்தலே என உறுதிகொண்டு, அப்பணியை நாள்தோறும் செய்து வந்தார். அக்காலத்தில் அப்பணி அவருக்கு அரிதன்று. களஞ்சியம் நிறைந்திருந்தது; நெய் வாங்கக் கைநிறையப் பொருள் இருந்தது.

பின்னர் வறுமை வந்தது. வறுமை வந்த வகையைப் புராணம் விரித்துரைக்கவில்லை. விரித்துரைக்க வேண்டுவதும் இல்லை. வாழ்ந்த ஊரில் வறியராய் இருத்தல் எத்துணைக் கொடிது என்பதை ஊருக்குத் தலைவராய் இருந்தவரே நன்கு அறிவர். நாயனார் தில்லைக்குச் சென்றார். இருக்குவேளூரைத் தழுவிச் சென்ற ஆறே அத்திசைக்குத்தான் ஓடுகின்றது.

தில்லையில் கூத்தப்பெருமானை வணங்கி, திருப்புலீச்சரத்தில் திருவிளக்குப் பணியை மீண்டும் தொடங்கினார். வியாக்கிரபாத முனிவர் வழிபட்டதும், திருநீலகண்ட நாயனாரும் அவர் மனைவியாரும் இளமை பெற்றதுமான திருத்தலம் அது. இல்லத்துப் பொருள்களை ஒவ்வொன்றாக விற்று விளக்கெரித்தார். விற்பதற்கு ஒன்றும் இல்லாத நாளும் வந்தது.

அந்நிலையில் அவருக்கு முன்னே எளிய வழியொன்று இருந்தது. தில்லையில் சிவனடியார்க்கு இரங்கிக் கொடுப்பவர் குறைவில்லை. திருவிளக்கின் பொருட்டு என்று சொல்லி நீட்டிய கையை எவரும் வெறுங்கையாக விட்டிருக்கமாட்டார்கள். ஆயினும் பிறரிடம் சென்று இரத்தற்கு நாயனார் அஞ்சினார். தம் உடலுழைப்பால் வந்த பொருளைக் கொண்டே விளக்கு எரிய வேண்டும் எனத் துணிந்து, கையில் அரிவாள் எடுத்தார். கணம்புல் என்னும் புல்லை அரிந்து, கட்டிச் சுமந்து சென்று விற்று, கிடைத்த விலைக்கு நெய் வாங்கித் திருவிளக்கிட்டார்.

புல்லரிதல் காண்பவர்க்கு எளிது, செய்பவர்க்கு அன்று. குனிந்த முதுகு பொழுது சாயுமளவும் நிமிர்வதில்லை. புல்லின் ஓரம் கத்திபோல் விரலை அறுக்கும். அரிந்ததைக் கட்டித் தலையில் ஏற்றினால் கழுத்து இறுகும். தெருத்தெருவாய்ச் சென்று கூவிய பின்னரும், வாங்குவோர் கட்டைத் தட்டிப் பார்த்து விலையைக் குறைப்பர். விறகு வெட்டிப் பிளந்து சுமந்து விற்போர் படும் பாடும் இத்தகையதே. மதுரையில் பாணபத்திரர் பொருட்டுச் சோமசுந்தரக் கடவுள் விறகு சுமந்து விற்கும் முதியவராய் வந்தருளியதைத் திருவிளையாடற் புராணம் கூறுகின்றது. தலைச்சுமையை இறைவனே இழிவாகக் கருதாதபோது, குடிமுதல்வர் எங்ஙனம் கருதுவார்!

ஒரு விளக்கு இடையறாது எரிவதற்கு எவ்வளவு பொருள் வேண்டும் என்பதைப் பிற்காலச் சோழர் கல்வெட்டுகள் காட்டுகின்றன. ஒரு நந்தாவிளக்குக்கு நாள்தோறும் உழக்கு நெய் அளக்க 96 ஆடுகள் விடுவது அக்காலத்து வழக்கம். அவ்வாடுகள் குறையாமல் பேணப்பட வேண்டுமாதலின் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றனர். அரசியரும் வணிகரும் படைத்தலைவரும் அவ்வாறு அளித்தனர். நாயனாரிடம் மந்தை இல்லை. ஓர் அரிவாளும் இரு தோள்களுமே இருந்தன.

ஒருநாள் புல் விலைபோகவில்லை. ஊரெங்கும் சுற்றியும் ஒரு கட்டும் கொள்வாரில்லை. மாலை வந்தது, விளக்கேற்றும் பொழுதும் வந்தது. மற்றொருவராயின், நாளை பார்த்துக்கொள்வோம் என்று திரும்பியிருப்பர். நாயனார் விலைபோகாத அப்புல்லையே கோயிலுக்குச் சுமந்து சென்று விளக்காக எரித்தார். நெய்விளக்கு ஒருமுறை ஏற்றினால் நெடும்பொழுது நின்றெரியும். புல்லோ நொடியில் பற்றி நொடியில் அடங்குவது. அதனைக் கொண்டு சுடரைக் காப்பதாயின், அருகிலேயே அமர்ந்து இடைவிடாது புல்லை ஊட்டிக்கொண்டிருக்க வேண்டும். அவ்வாறே ஊட்டினார். வழக்கமாக விளக்கெரிக்கும் யாமம் நிறைவதற்குள் புல் தீர்ந்துவிட்டது.

தீர்ந்ததும் தயங்கவில்லை. தம் திருமுடியையே அச்சுடரில் மடுத்து எரித்தார். அன்று காலை முதல் மாலைவரை அந்தப் புற்சுமையைத் தாங்கியதும் அத்தலையே.

சிவபெருமான் அவருக்குப் பேரருள் புரிந்து, சிவலோகத்தில் தம்மைத் தொழுதிருக்கும் பேற்றை அளித்தருளினார்.

நாயனாருக்குப் பெற்றோர் இட்ட பெயரை எந்நூலும் காத்து வைக்கவில்லை. தெருவில் விற்ற புல்லின் பெயரே அவர் திருநாமமாயிற்று. திருத்தொண்டத்தொகையில் சுந்தரமூர்த்தி சுவாமிகள் அவரைப் போற்றியதும் அப்பெயராலேயே. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் அருளிய பெரியபுராணத்தில் அவர் வரலாறு சில பாடல்களில் அடங்கிவிடுகின்றது. ஆயினும், சிவாலயங்களின் திருச்சுற்றில் நிற்கும் அறுபத்துமூவர் வரிசையில் அவரைக் காணாத ஊர் அரிது.

நாயனாரின் குருபூசை கார்த்திகைத் திங்களில் கார்த்திகை நாளன்று நடைபெறுகின்றது. தமிழகமெங்கும் வாயில்தோறும் அகல்விளக்கு வரிசை ஏற்றும் திருநாளும் அதுவே.