பிள்ளை லோகாசார்யர் காட்டிய உறவு

ஸ்ரீவைஷ்ணவ ஆசார்ய பரம்பரையில் பிள்ளை லோகாசார்யரின் திருநாமத்தை அறியாதார் இலர். அஷ்டாதச ரஹஸ்யங்கள் எனப்படும் பதினெட்டு கிரந்தங்களை அருளியவர் என்று கூறி அம்மட்டில் நின்றுவிடுகிறோம். அவருடைய திருவவதாரமே ஒரு குடும்பத்தின் மனத்தாங்கலைத் தீர்த்து வைத்ததன் பயன் என்பதை ஆஸ்திக அன்பர்கள் சற்று நிதானித்து எண்ண வேண்டும்.

13-ம் நூற்றாண்டில் திருவரங்கத்தில் நம்பிள்ளையின் திருவடிகளை அடைந்து வாழ்ந்தவர் வடக்குத் திருவீதிப் பிள்ளை. ஆசார்யனுடைய திருவாய்மொழிக் காலக்ஷேபத்தைக் கேட்டு, ஈடு முப்பத்தாறாயிரப்படியாக ஏடுபடுத்தியவர் இவரே. இல்லறத்தில் பற்றின்றி மனையாளை விட்டு விலகியே இருந்தார். அவருடைய திருத்தாயார் நம்பிள்ளையிடம் சென்று முறையிட்டார். சீடனுடைய வைராக்யத்தைப் புகழ்ந்து அத்தாயைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். நம்பிள்ளை அவ்வாறு செய்யவில்லை. மருமகளுக்கு ஆசி வழங்கி, சீடரை அழைத்து இல்லறத்தை ஏற்குமாறு நியமித்தார். ஐப்பசித் திருவோணத்தில் ஆண்மகவு பிறந்தது. நம்பிள்ளையை ஒருகால் சபையில் இகழ்ந்து, தம் மனைவி இடித்துரைத்ததால் மனந்திருந்திய கந்தாடைத் தோழப்பர், நம்பிள்ளைக்கு உவந்து சூட்டிய லோகாசார்யர் என்னும் பெயரே இக்குழந்தைக்கும் இடப்பட்டது. தம்பியாய்ப் பிறந்தவர் அழகிய மணவாளப் பெருமாள் நாயனார். சகோதரர் இருவரும் நைஷ்டிக ப்ரஹ்மசாரிகளாகவே வாழ்ந்தனர். மனைவி மக்கள் என்ற தொடர்பை ஏற்காத ஒருவர், உறவு என்பதன் தத்துவத்தையே வாழ்நாளெல்லாம் விளக்கினார் என்பது வியப்பன்றோ!

அவருடைய கிரந்தங்களுள் ஒன்று நவவித ஸம்பந்தம். திருமந்த்ரத்தின் பொருளாக, ஜீவனுக்கும் எம்பெருமானுக்கும் உள்ள ஒன்பது உறவுகளை அது உரைக்கின்றது: தந்தையும் மகனும், காப்பவனும் காக்கப்படுவோனும், சேஷியும் சேஷனும், கணவனும் மனைவியும், அறியப்படுவோனும் அறிபவனும், உடையவனும் உடைமையும், ஆதாரமும் ஆதேயமும், ஆத்மாவும் சரீரமும், போக்தாவும் போக்யமும். வடமொழிப் பாடசாலைகளில் ஸம்பந்தம் என்பதை ஆறாம் வேற்றுமையின் பொருளாகக் கற்பிப்பர். அது வினையோடு நேரே இயையாமையால் காரகங்களுள் சேராது என்பர். ரஹஸ்யார்த்தத்திலோ நிலைமை வேறு. ப்ரணவத்தின் அகாரத்தில் மறைந்து நிற்கும் நான்காம் வேற்றுமையால், ஆத்மா பிறருக்கே உரியது என்ற உறவு முதலில் தேறுகின்றது; அதன் பின்னரே மகாரத்தால் ஆத்மா இன்னதென அறியப்படுகின்றது. தனித்து நிற்கும் ஒருவனுக்குப் பின்னர் உறவுகள் வந்து ஒட்டுவதாக எண்ணுவது உலகோர் இயல்பு. இங்கு உறவு முந்தி, உறவுக்குரியவன் பிந்தி.

அப்படியாயின் ஜீவன் வெறும் கட்டைதானோ என ஐயுறுவோர்க்கு, தத்வத்ரயம் விடை கூறும். அறிவுடையவன் ஆதலால் ஜீவன் கர்த்தாவே. அக்கர்த்ருத்வம் ஈச்வரனுக்கு அதீனமானது, அவ்வளவே.

ஸ்ரீவசனபூஷணமோ இவ்வுறவை மனிதரிடையே கொணர்ந்து வைத்தது. அடியார்களின் பிறப்பை ஆராய்தல் பெரும் அபசாரம் என அது கண்டித்துரைக்கின்றது. ஏட்டோடு நின்ற உபதேசமன்று இது. ஈழவர் குலத்தவரான விளாஞ்சோலைப் பிள்ளை அவருடைய அந்தரங்க சிஷ்யர். அவ்வரும்பொருளைப் பிறர்க்கு எடுத்துரைக்கும் பொறுப்பும் அவரிடமே இருந்தது. திருவனந்தபுரத்தில் கோயிலினுள் புக இயலாத அவர், தோப்பின் மரத்தேறிக் கோபுரத்தைக் கண்டு தொழுது வந்தார். ஆலய கைங்கர்யத்தில் இருப்போர் மறவாது நினைக்கத் தக்க செய்தி இது.

1323-ம் ஆண்டு உலூக்கானின் படை திருவரங்கத்தை நெருங்கிற்று. மூலவருக்கு முன்னே சுவர் எழுப்பப்பட்டது. உற்சவரான அழகிய மணவாளனை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு, முதிர்ந்த வயதினரான பிள்ளை லோகாசார்யர் சில அடியார்களோடு தென்திசை புறப்பட்டார். காட்டு வழியில் கள்வர் வந்து பெருமாளுடைய பொருள்களைக் கவர்ந்தனர். சற்று முன்னே சென்றிருந்த லோகாசார்யர் அதனைக் கேட்டுத் திரும்பி வந்து, தம்மிடம் எஞ்சியிருந்ததையும் அவர்களிடமே கொடுத்தார்.

மதுரைக்கு அருகில், ஆனைமலைக்குப் பின்புறம் உள்ள ஜ்யோதிஷ்குடியில் தங்கினர். இன்று கொடிக்குளம் என வழங்குவது அவ்வூரே. திருமேனி தளர்ந்து பரமபதம் எய்தும் காலம் நெருங்கவும், அருகில் இருந்த செடிகொடிகளையும் ஊர்ந்து செல்லும் எறும்புகளையும் தம் திருக்கரத்தால் தொட்டருளினாராம். சுற்றி நின்றோர் காரணம் வினவ, தம்மோடு தொடர்பு பெற்றதனால் அவையும் உய்யும் என்று விடை பகர்ந்தார். பாண்டிய அரசில் அமைச்சுப் பணியில் ஆழ்ந்திருந்த திருமலையாழ்வாரை மீண்டும் ஸம்ப்ரதாயத்துக்குக் கொணரும்படி கூரகுலோத்தம தாஸர் முதலியோர்க்கு நியமித்துவிட்டுத் திருநாடு அலங்கரித்தார். அத்திருமலையாழ்வாரே பின்னர் திருவாய்மொழிப் பிள்ளையாகி, மணவாள மாமுனிகளுக்கு ஆசார்யரானார்.

அழகிய மணவாளன் பல ஊர்களில் எழுந்தருளியிருந்து, 1371-ல் விஜயநகரத் தளபதி கோபணாரியர் முயற்சியால் திருவரங்கம் மீண்டார். இடைக்காலத்தில் வேறொரு திருமேனி எழுந்தருளியிருந்தமையால், பழைய மூர்த்தி எதுவென ஊரார் மயங்கினர். முன்னாளில் பெருமாளின் பரிவட்டங்களைத் துவைத்து வந்த ஈரங்கொல்லி ஒருவர், கண்ணொளி இழந்த கிழவராய் அங்கே இருந்தார். திருமஞ்சனமான இரு மூர்த்திகளின் ஈரவாடைத் தீர்த்தத்தையும் பருகச் செய்தபோது, ஒன்றைச் சுவைத்த அளவில் இவரே நம்முடைய பெருமாள் என்று அக்கிழவர் கூவினார். அன்று தொட்டு நம்பெருமாள் என்ற திருநாமம் வழங்கலாயிற்று என்று கோயிலொழுகு கூறும்.