மொறிஸ் மைனரைத் தந்த அகதி

1922 செப்டெம்பர் மாதம் ஸ்மிர்னா துறைமுகத்தை விட்டுப் பிரித்தானியக் கப்பலில் வெளியேற்றப்பட்டவர்களில் பதினைந்து வயதுப் பையன் ஒருவனும் இருந்தான். துருக்கியின் மேற்குக் கரையில், இன்று இஸ்மிர் என்று அழைக்கப்படும் நகரம் அது. கிரேக்கருக்கும் துருக்கியருக்கும் நடந்த போரின் முடிவில் நகரம் கைமாறியது. சில நாட்களில் மூண்ட தீயில் அதன் பெரும் பகுதி எரிந்துபோனது. பையனின் குடும்பத்துக்கு அங்கே கப்பல் இயந்திரங்களோடு தொடர்புடைய பட்டறை இருந்தது. வீடும் பட்டறையும் ஊரும் ஒரே வாரத்தில் இல்லாமல் போயின.

அந்தப் பையன்தான் அலெக் இஸ்ஸிகோனிஸ். பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூட அவர் வடிவமைத்த காரை அறிவார்கள். அதுதான் மொறிஸ் மைனர்.

தகப்பன் பிரித்தானியக் குடியுரிமை பெற்ற கிரேக்கர். தாய் ஜேர்மன் பூர்வீகம் கொண்டவர். அந்தக் குடியுரிமைதான் அவர்களுக்குக் கப்பலில் இடம் வாங்கிக் கொடுத்தது. மால்டாத் தீவில் கூடாரங்களில் தங்கவைக்கப்பட்டார்கள். நோயுற்றிருந்த தகப்பன் மால்டாவிலேயே இறந்துபோனார். 1923இல் தாயும் மகனும் மட்டும் இங்கிலாந்தில் வாழ்க்கையைத் தொடங்கினார்கள். கடல் கடந்து போன எங்கள் குடும்பங்கள் பலவற்றில் இதே கதை வேறு ஊர்ப் பெயர்களோடு இருக்கிறது.

லண்டன் பற்றர்சீ தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் படித்தார். கணிதத்தில் மூன்று தடவை தோற்றார். பட்டத்துக்கான வழி அதோடு அடைபட்டது, டிப்ளோமாவோடு வெளியே வந்தார். ஆனால் கையில் பென்சில் இருந்தால் அளவுகோல் இல்லாமலே ஒரு இயந்திரப் பாகத்தை வரைந்து காட்டிவிடுவார். தாயை ஏற்றிக்கொண்டு சிங்கர் கார் ஒன்றில் ஐரோப்பாவைச் சுற்றினார். அந்தக் கார் வழி நெடுகப் பழுதாகி நின்றது. பிறகு நண்பர் ஜோர்ஜ் டௌசனோடு சேர்ந்து பல வருட மாலை நேரங்களைச் செலவழித்து, மின்கருவி எதுவும் இல்லாமல் கையாலேயே ஒரு பந்தயக் காரைக் கட்டினார். வீட்டுக் கராஜில் கார் திருத்துகிறவனின் பொறுமையை அவர் அங்கேதான் பழகினார் என்று நினைக்கிறேன்.

1936இல் மொறிஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, போருக்குப் பிறகு சாதாரண மக்கள் வாங்கக்கூடிய சிறிய கார் ஒன்றைச் சிறு குழுவோடு வரையத் தொடங்கினார். மாதிரிக் கார் தயாரான பிறகு அதன் அகலம் அவருக்குப் போதவில்லை. காரை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, இடையே 4 அங்குலம் சேர்த்தார். மைனரின் பொனற் நடுவில் ஓடும் அந்தத் தட்டையான பட்டி அப்படி வந்ததுதான். நிறுவன உரிமையாளர் நஃபீல்ட் பிரபுவுக்குக் காரின் தோற்றம் கொஞ்சமும் பிடிக்கவில்லை. இருந்தாலும் 1948 ஒக்ரோபரில் லண்டன் கண்காட்சியில் கார் அறிமுகமானது. பத்து இலட்சத்தைத் தொட்ட முதல் பிரித்தானியக் கார் என்ற பெயரையும் பின்னர் பெற்றது.

எஞ்சின் மட்டும் அவர் விரும்பியது அல்ல. நான்கு சிலிண்டர்களும் இருபுறமும் படுத்திருக்கும் தட்டையான எஞ்சின் ஒன்றைத்தான் அவர் திட்டமிட்டார், அதற்கேற்றபடி முன்பக்கத்தை அகலமாக விட்டார். அந்த எஞ்சின் கைவிடப்பட்டு, முதலில் மொறிஸின் பழைய எஞ்சினும், 1952 முதல் ஒஸ்ரினின் ஏ வகை எஞ்சினும் அந்த இடத்துக்கு வந்தன. ஒடுங்கிய எஞ்சின் போனதால் இரண்டு பக்கமும் இடம் மிஞ்சியது. நிராகரிக்கப்பட்ட ஒரு திட்டம் விட்டுப்போன அந்த வெற்றிடத்துக்குள்தான் எங்கள் ஊர் மெக்கானிக்குகள் கைவிட்டு வேலை செய்தார்கள்.

அப்பாவின் மைனருக்கு வாட்டர் பம்ப் மாற்றியபோது இதை நேரிலே கண்டேன். பம்பின் அடியில் உள்ள சிறு துவாரத்தால் தண்ணீர் சொட்டத் தொடங்கினால் உள்ளே சீல் போய்விட்டது என்று அர்த்தம். முற்றத்து மாமர நிழலில் வைத்தே வேலையை முடித்தேன். ரேடியேற்றர் தண்ணீரை இறக்கி, இரண்டு ஹோஸ்களையும் கழற்றி, ரேடியேற்றரைத் தூக்கி வெளியே வைக்க வேண்டும். டைனமோவைத் தளர்த்தி பெல்ற்றை எடுத்து, விசிறியையும் புலியையும் கழற்றினால் பம்பைப் பிடித்திருப்பவை நான்கு போல்ற்றுகள்தான். பழைய காஸ்கற்றை மிச்சமில்லாமல் சுரண்ட வேண்டும். பம்புக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் இடையே விரல் நீளத்தில் ஒரு ரப்பர் ஹோஸ் இருக்கிறது. பம்பை இறுக்கும் முன்பே அதைப் புதிதாகப் போட்டுவிட வேண்டும். விட்டால் சில மாதங்களில் அதுவே வெடித்து, செய்த வேலை முழுவதையும் மறுபடி செய்ய வைக்கும்.

ரேடியேற்றர் வெளியே இருந்ததால் முன்பக்கத்து மூடியையும் திறந்தேன். நிறுத்தி வைத்து ஓடவிடும்போது அதற்குள்ளிருந்து சலசலவென்று சத்தம் வந்துகொண்டிருந்தது. திறந்ததும் ரைமிங் செயின் தொங்கிக் கிடப்பது தெரிந்தது. கிராங்கும் கம்ஷாஃப்ற்றும் ஒத்து ஓடுவதற்கு அந்தச் செயின்தான் பொறுப்பு. அது நீண்டால் வால்வுகள் திறக்க வேண்டிய நேரத்துக்குப் பிந்தித் திறக்கும், எஞ்சின் சோம்பிப் போகும். புதுச் செயினைப் போடும்போது இரண்டு பற்சக்கரங்களிலும் உள்ள சிறு குறிகள் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்க வேண்டும். ஒரு பல் தவறினாலும் கார் முறையாக ஓடாது.

செயின் அப்படித் தேய்ந்ததற்கு வயது மட்டும் காரணமல்ல. பொருளாதாரத் தடை இருந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தின் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எரியாமல் மிஞ்சும் மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி எஞ்சின் ஒயிலோடு கலக்கும். நீர்த்த ஒயில் செயினையும் பெயாரிங்குகளையும் காக்காது. பற்றரிக்கும் தடை. மைனரின் முன்பக்கத்தில் ஹான்டில் போட்டுச் சுற்றுகிற துவாரம் இல்லாதிருந்தால் அவற்றில் பல கொட்டில்களிலேயே கிடந்திருக்கும்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, அந்தச் சனத்துக்குள் கார்களும் ஊர்ந்தன. வேகமாக ஓடும் காருக்குக் காற்றே பாதிச் சூட்டை எடுத்துவிடும். ஊர்ந்துபோகும் காருக்கு விசிறியும் வாட்டர் பம்பும் மட்டும்தான் துணை. அப்பா எங்கள் வீட்டாரோடு அயல் வீட்டு அம்மம்மாவையும் ஏற்றிக்கொண்டு, தண்ணீர்க் கானைக் காலடியில் வைத்தபடி ஓட்டினார். அன்றிரவு அந்தப் பம்ப் விட்டிருந்தால், நடக்க முடியாத அந்த மனுசியை மழைக்குள் யார் தூக்கியிருப்பார்கள்?

இஸ்ஸிகோனிஸுக்கு இவை எதுவும் தெரிந்திருக்காது. சுயெஸ் நெருக்கடியில் பெற்றோல் தட்டுப்பாடு வந்தபோது அவர் இன்னும் சிறிய காரை வரைந்தார். 1959இல் வந்த மினி உலகப் புகழ் கொடுத்தது. எஞ்சினைக் குறுக்கே திருப்பி வைத்துப் பயணிகளுக்கு இடம் கொடுத்தார். ஆனால் கை நுழையும் இடம் அதில் சுருங்கிப்போனது. மினிக்கு வாட்டர் பம்ப் மாற்றியவர்கள் விரல் மூட்டுகளில் தழும்போடு இருப்பார்கள். கணிதத்தில் தோற்றவரை 1967இல் ரோயல் சொசைற்றி தன் உறுப்பினராக்கியது. 1969இல் சேர் பட்டம் கிடைத்தது. அதற்குள் நிறுவனங்கள் இணைக்கப்பட்டு, அவருடைய அதிகாரம் பறிபோயிருந்தது. 1971இல் ஓய்வு பெற்றார். திருமணம் செய்யவில்லை. ஸ்மிர்னாவில் இருந்து கூடவே வந்த தாய் 1972இல் இறக்கும்வரை அவரோடுதான் இருந்தார். 1988 ஒக்ரோபர் 2ஆம் திகதி, 81ஆவது வயதில் பேர்மிங்காமில் காலமானார்.

இப்போது எங்கள் ஒழுங்கைகளில் ஹைபிரிட் கார்கள் நிற்கின்றன. பழுது வந்தால் கணினியைக் கொழுவித்தான் பார்க்க வேண்டும், வீட்டு முற்றத்தில் திறக்க முடியாது. மைனர்களைக் கல்யாணப் படம் எடுக்கவும் பழைய கார் சேகரிப்பவர்களுக்கு விற்கவும் தேடுகிறார்கள். விற்பதில் பிழை இல்லை. ஆனால் மண்ணெண்ணெய்க் காலத்தில் இவற்றை ஓடவைத்த மெக்கானிக்குகள் பலர் எழுபது வயதைக் கடந்துவிட்டார்கள். அவர்கள் கைகளில் உள்ள வேலை எந்தப் புத்தகத்திலும் இல்லை. கொட்டிலில் ஒரு மைனர் நின்றால், விற்கும் முன் அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு, பிள்ளைகளையும் பக்கத்தில் நிறுத்தி, பொனற்றை ஒருமுறை திறந்து பாருங்கள்.