கல்லைக் கற்ற மருத்துவர்

பெங்களூரு லால்பாக் தோட்டத்தில் பெரும்பாறை ஒன்று உள்ளது. அதன் வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள். நைஸ் எனப்படும் இவ்வகைப் பாறையே தென்னிந்தியாவின் பெரும்பகுதிக்கு அடித்தளமாகும். இத்துணை உறுதியான பாறையும் காலப்போக்கில் சிதைந்து மண்ணாகும். அத்தகைய சிதைவினால் உருவான ஒரு கல்லை உலக அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர் பிரான்சிஸ் புக்கானன்.

புக்கானன் 1762ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து நாட்டில் பிறந்தார். எடின்பரோ நகரில் மருத்துவமும் தாவரவியலும் பயின்றார். சில காலம் கப்பல்களில் மருத்துவராகப் பணியாற்றினார். 1794ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காள மருத்துவப் பிரிவில் சேர்ந்தார்.

1799ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நடந்த போரில் திப்பு சுல்தான் உயிர் துறந்தார். தான் வென்ற நாட்டின் வளங்களை அறியக் கம்பெனி விரும்பியது. தலைமை ஆளுநர் வெல்லெஸ்லி பிரபு அப்பணியைப் புக்கானனிடம் ஒப்படைத்தார்.

புக்கானன் 1800ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் சென்னையிலிருந்து புறப்பட்டு, மே மாதம் பெங்களூரை அடைந்தார். திப்புவின் தோட்டங்களைக் கண்டார். சதுரப் பாத்திகளையும், நடைபாதையோரம் நின்ற சைப்ரஸ் மரங்களையும் குறித்துக்கொண்டார். உழவர், நெசவாளர், வணிகர் ஆகியோரிடம் அவர்தம் தொழில் பற்றி வினவினார். பின்னர்க் கோயம்புத்தூர், பாலக்காடு வழியாக மலபார் சென்றார்.

அங்கே அங்காடிப்புரம் என்னும் ஊரில் அவர் ஒரு புதுமையைக் கண்டார். மக்கள் நிலத்தைத் தோண்டிச் செந்நிறக் கல்லை எடுத்தனர். நிலத்தினுள் இருந்தவரை அது இரும்புக் கருவியால் எளிதில் வெட்டும் அளவுக்கு மென்மையாக இருந்தது. வெளிக்காற்றுப் பட்டதும் செங்கல்லைப் போல இறுகியது. சுவர் எழுப்ப அதுவே சிறந்த கல்லாயிற்று. அதற்குச் சூளையும் விறகும் தேவைப்படவில்லை.

அக்கல்லை உள்ளூர் மொழிகளில் ‘இட்டிகைக் கல்’ என்னும் பொருளில் வழங்குவதை அவர் கேட்டறிந்தார். இட்டிகை என்றால் செங்கல். இச்சொல் பழந்தமிழிலும் உண்டு. உங்கள் கன்னடத் தோழர்கள் இன்றும் செங்கல்லை ‘இட்டிகெ’ என்பர். இலத்தீன் மொழியில் செங்கல்லுக்கு ‘லேட்டர்’ என்று பெயர். அதனைக் கொண்டு அக்கல்லுக்கு ‘லேட்டரைட்’ எனப் பெயரிட்டார். 1807ஆம் ஆண்டு வெளியான தம் பயண நூலில் இவற்றைப் பதிவு செய்தார்.

அக்கல் உருவான விதத்தைப் பின்வந்த அறிஞர்கள் விளக்கினர். பாறைச் சிதைவு மூவகைப்படும். வெயிலில் விரிந்தும் குளிரில் சுருங்கியும் பாறை வெடிப்பதும் தோலுரிவதும் இயற்பியல் சிதைவு. பிளவுகளில் மரவேர் நுழைந்து பாறையைப் பிளப்பது உயிரினச் சிதைவு. நீரும் காற்றும் கனிமங்களையே மாற்றிவிடுவது இரசாயனச் சிதைவு. வெப்பமும் மழையும் மிகுந்த நிலத்தில் இம்மூன்றாம் வகை ஓங்கி நிற்கும். சுண்ணம், சோடியம், பொட்டாசியம் முதலியன மழைநீரில் கரைந்து நீங்கும். மணற்சத்தும் பெரிதும் குறையும். இரும்பும் அலுமினியமும் எஞ்சும். இரும்பு துருவேறிச் செந்நிறம் தரும். இவ்வாறு பன்னெடுங்காலம் சிதைந்த பாறையே லேட்டரைட்.

புக்கானன் 1814ஆம் ஆண்டு கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பை ஏற்றார். அடுத்த ஆண்டு தாயகம் திரும்பினார். பிற்காலத்தில் ஹாமில்டன் என்னும் குடும்பப் பெயரை ஏற்று வாழ்ந்து, 1829ஆம் ஆண்டு மறைந்தார். அங்காடிப்புரத்தில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை 1979ஆம் ஆண்டு நினைவுச் சின்னம் எழுப்பியது.

மாணவர்களே! புக்கானன் ஆள்வோரின் பணியாளராகவே வந்தார். ஆயினும், கல்வெட்டும் எளியோரிடம் கேட்டுக் கற்கத் தயங்கவில்லை. அக்கல்லின் தன்மையை முதலில் அறிந்தவர்கள் அவர்களே. அவர்கள் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் வழங்கிய பெயரோ வேற்றுமொழி வடிவில் உலகெங்கும் வழங்குகிறது.

சொற்பொருள்
இத்துணை – இவ்வளவு
வினவினார் – கேட்டார்
சூளை – செங்கல் சுடும் இடம்
எஞ்சும் – மீதமிருக்கும்

செயல்பாடு
உங்கள் வீட்டருகே உள்ள பாறை அல்லது பழைய கற்சுவரைக் காண்க. அதில் மூவகைச் சிதைவுகளுள் எவை தென்படுகின்றன? ஐந்து தொடர்களில் எழுதுக.