ஊர்தோறும் சென்ற அறிவுக்கடல்

ஜும்ஆத் தொழுகை நிறைவேறியபின் பூமியில் பரவிச் சென்று இறைவனின் அருளைத் தேடிக்கொள்ளுமாறு திருமறை நமக்கு வழிகாட்டுகிறது. ஆகவே, ரிஜ்கை நாடி ஊர்விட்டு ஊர் செல்வது மார்க்கம் வெறுத்த செயலன்று. செங்கல்பட்டிலும் கோவளத்திலும் மாமல்லபுரத்தை அடுத்த கடற்கரை ஊர்களிலும் வாழும் நம் மக்களுள், வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூர், மலேசியாவுக்கும் பிள்ளைகளை அனுப்பிவைத்த குடும்பங்கள் பல. முன்பு தனியே சென்றவர்கள் போலன்றி, இன்று மனைவி மக்களையும் உடனழைத்துச் செல்வோர் பெருகியுள்ளனர். அவ்வாறு புறப்படும்போது சம்பளம் எவ்வளவு, வீட்டு வாடகை எவ்வளவு என்னும் கணக்கு முதலில் எழுவது இயல்பே. ஆயினும் அக்கணக்கில் விடுபட்டுப்போகும் ஒன்று உண்டு. அது யாதென உணர்த்துவதற்குத் தம் வாழ்நாளில் ஐந்து ஊர்களைக் கண்ட ஒரு பேரறிஞரின் வரலாறு நமக்குத் துணைசெய்யும்.

கோவளத்தில் தமீமுல் அன்சாரி அவர்களின் பெயரால் விளங்கும் தர்காவைக் கடந்து, கடலையொட்டி வடக்கு நோக்கிச் செல்பவர் சென்னைத் திருவல்லிக்கேணியை அடைவர். அங்கே 1795ஆம் ஆண்டில் கருங்கல்லால் எழுந்த வாலாஜா பள்ளிவாசலின் வளாகத்தில் துயில்கொள்பவர்களே மௌலானா அப்துல் அலீ (ரஹ்) அவர்கள். பஹ்ருல் உலூம், அதாவது அறிவுக்கடல் என்னும் சிறப்புப் பெயராலேயே உலகம் அவர்களை அறியும். இம்மகான் தமிழகத்தில் பிறந்தவர்களல்லர். வடக்கே லக்னோவில் 1731ஆம் ஆண்டில் பிறந்து, பல ஊர்களில் கல்விப் பணியாற்றியபின், முதிய வயதில் சென்னைக்கு வந்து, இம்மண்ணிலேயே அடக்கமானவர்கள்.

குடிபெயர்ந்த குடும்பம்

குடிபெயர்தல் இக்குடும்பத்திற்குப் புதிதன்று. மௌலானா அவர்களின் பாட்டனார் முல்லா குத்புத்தீன் ஷஹீத் அவர்கள் சிஹாலி என்னும் சிற்றூரில் கல்வி புகட்டி வந்தார்கள். நிலத் தகராறு ஒன்றில் பகைவர்கள் 1692ஆம் ஆண்டில் அவர்களைக் கொன்று, வீட்டையும் அதிலிருந்த நூல்களையும் தீக்கிரையாக்கினர். ஆதரவிழந்த அக்குடும்பத்தாருக்கு மாமன்னர் ஔரங்கசீப் லக்னோவில் ஒரு மாளிகையை வழங்கினார். முன்னர் ஐரோப்பிய வணிகர் ஒருவர் வாழ்ந்த இல்லமாதலால் அதற்கு ஃபிரங்கி மஹால் என்று பெயர். துயரத்தோடு அந்நகரில் புகுந்த குடும்பம், இல்லத்தையே கல்விக்கூடமாக்கிற்று. மௌலானா அவர்களின் தந்தையார் முல்லா நிஜாமுத்தீன் அவர்கள் வகுத்த பாடத்திட்டமே தர்ஸே நிஜாமி எனப்படுவது. இந்தியத் துணைக்கண்டத்து அரபி மத்ரஸாக்களுள் மிகப் பல இன்றளவும் அத்திட்டத்தையோ அதனைத் தழுவிய முறையையோ பின்பற்றி வருகின்றன.

தந்தையாரிடமே கல்வி கற்றுத் தேர்ந்த மௌலானா அவர்கள், 1748ஆம் ஆண்டில் தந்தையார் மறைந்தபோது பதினேழு வயது இளைஞர்கள். பிறந்த நகரிலேயே தந்தையாரின் ஆசனத்தில் அமர்ந்து காலமெல்லாம் கற்பித்திருக்கலாம். ஆனால் லக்னோவில் எழுந்த சமயப் பிணக்கு ஒன்றின் விளைவாக அவ்வூரைவிட்டு வெளியேற நேர்ந்தது. அன்றுமுதல் மௌலானா அவர்களின் வாழ்வு பயணமாக அமைந்தது.

ஆதரித்தவர் மாண்டபோது

முதலில் சென்றது ஷாஜஹான்பூர். ரோஹில்லாக்களின் தலைவராகிய ஹாபிஸ் ரஹ்மத் கான் அவர்களை வரவேற்று ஆதரித்தார். அங்கே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கற்பித்தலிலும் நூல் எழுதுவதிலும் கழிந்தன. இனி இதுவே நம் ஊர் என்று எண்ணத்தக்க காலம் அது. ஆனால் 1774ஆம் ஆண்டில் அயோத்தி நவாபின் படையும் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையும் ஒன்றுசேர்ந்து ரோஹில்லாக்களைத் தாக்கின. மீரான்பூர் கட்ரா போர்க்களத்தில் ஹாபிஸ் ரஹ்மத் கான் உயிர் துறந்தார். ஒரே நாளில் ஆதரவு அற்றுப்போயிற்று. மனிதரின் ஆதரவு எத்துணை உறுதியாகத் தோன்றினும் நிலையற்றது என்பதை மௌலானா அவர்கள் நடுவயதில் நேரிற் கண்டார்கள்.

அடுத்து, நவாப் பைசுல்லாஹ் கானின் அழைப்பை ஏற்று ராம்பூர் சென்றார்கள். அந்நவாப் கல்வியில் நாட்டமுடையவர். இன்று புகழோடு விளங்கும் ராம்பூர் ரஜா நூலகம் அவர் சேர்த்த நூல்களிலிருந்து வளர்ந்ததே. மௌலானா அவர்களுக்கு அங்கே மதிப்பிலும் ஊதியத்திலும் குறைவு இருக்கவில்லை.

மாணவர்களே குடும்பம்

ஆயினும் ராம்பூரில் வேறொரு சிக்கல் தோன்றிற்று. மௌலானா அவர்களின் பெயர் கேட்டுத் தொலைதூரங்களிலிருந்து மாணவர்கள் வந்து குவிந்தனர். அக்காலத்தில் மாணவன் பாடம் கேட்டுவிட்டு வீடு திரும்புபவன் அல்லன். ஆசிரியரை அண்டி வாழ்பவன். அவனுக்கு உணவும் உடையும் தங்குமிடமும் வேண்டும். ஆசிரியர் ஊர் பெயர்ந்தால் அவனும் உடன் பெயர்வான். இவ்வாறு பெருகிய மாணவர் அனைவருக்கும் உரிய உதவித்தொகையை அச்சிறிய அரசால் தொடர்ந்து அளிக்க இயலவில்லை.

இவ்விடத்தில் நாம் சற்றே நின்று சிந்திக்க வேண்டும். தம் ஊதியம் குறையாதவரை மாணவர்கள் தத்தம் வழியைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று மௌலானா அவர்கள் இருந்திருந்தால் எவரும் பழித்திருக்க மாட்டார்கள். அவர்களோ அம்மாணவர்களையும் தம் பொறுப்பில் வந்த அமானிதமாகவே கருதினார்கள். தம்மை நம்பி வந்தவர்களுக்கு இடமில்லாத ஊர் தமக்கும் இடமாகாது என்று முடிவு செய்து, சில ஆண்டுகளிலேயே ராம்பூரைவிட்டுப் புறப்பட்டார்கள்.

மூன்றாவதாக வங்காளத்தின் பர்த்வான் பகுதியிலுள்ள புஹார் என்னும் ஊர். அங்கே செல்வந்தரான முன்ஷி ஸத்ருத்தீன் மத்ரஸா ஒன்றை நிறுவி அவர்களை அழைத்திருந்தார். அக்குடும்பத்தின் நூல்தொகுதி பிற்காலத்தில், 1904ஆம் ஆண்டில், கல்கத்தாவின் அரசாங்க நூலகத்திற்கு வழங்கப்பெற்று, இன்றும் அந்நகரின் தேசிய நூலகத்தில் புஹார் தொகுதி என்ற பெயரில் உள்ளது. நாளடைவில் முன்ஷிக்கும் மௌலானாவுக்கும் மனவேறுபாடு உண்டாயிற்று. அப்போதுதான் தெற்கேயிருந்து அழைப்பு வந்தது.

சென்னையின் வரவேற்பு

அழைத்தவர் ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா. அவருடைய முன்னோரும் லக்னோவுக்கு அண்மையிலுள்ள கோபாமௌ என்னும் ஊரினர். அவர்களும் பணியை நாடித் தெற்கே வந்தவர்களே. நம் செங்கல்பட்டு வட்டாரத்தின் வரலாறு இந்நவாபோடு பிணைந்தது. தந்தை அன்வருத்தீன் கான் 1749இல் ஆம்பூர்ப் போரில் மாண்டபின், ஆங்கிலேயரின் துணையோடு அரசுரிமையை நாடினார் முகம்மது அலி. அப்போரின்போது 1752ஆம் ஆண்டில் கோவளம் கோட்டையும் செங்கல்பட்டுக் கோட்டையும் கிளைவின் கைக்கு வந்தன. துணைநின்ற கம்பெனிக்கு 1763ஆம் ஆண்டில் செங்கல்பட்டுச் சீமையை நவாப் ஜாகீராக அளித்தார். பின்னர் 1768இல் சேப்பாக்கம் அரண்மனையை எழுப்பிச் சென்னையிலேயே தங்கினார். கடன்சுமை அவரை அழுத்திக்கொண்டிருந்தபோதும் உலமாக்களை ஆதரிப்பதில் அவர் கை சுருங்கவில்லை.

1790ஆம் ஆண்டையொட்டி, ஏறத்தாழ அறுபது வயதில், மௌலானா அவர்கள் சென்னையை அடைந்தார்கள். தனியே வரவில்லை; அறுநூறு மாணவர்கள் உடன் வந்தனர் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. நவாப் தம் மக்களோடும் அரசவைப் பெரியோரோடும் எதிர்கொண்டு சென்று, மௌலானா அவர்களின் பல்லக்கைத் தம் தோளில் தாங்கி அரண்மனைக்கு அழைத்துவந்தார் என்பது புகழ்பெற்ற செய்தி. மலிகுல் உலமா, அதாவது அறிஞர்களின் அரசர் என்னும் பட்டமும் சூட்டப்பெற்றது. அவர்களுக்கென மத்ரஸா ஒன்றும் அமைந்தது. மாணவர்களின் செலவையும் நவாப் ஏற்றுக்கொண்டார். ராம்பூரில் கிட்டாதது சென்னையில் கிட்டியது.

புதிய நகரமோ எல்லா வகையிலும் வேறானது. மௌலானா அவர்கள் அறிந்த மொழிகள் அரபியும் பார்சியும் வடநாட்டு வழக்கும். இங்கு மக்களின் மொழி தமிழ். அவர்கள் ஹனஃபி மத்ஹபைச் சார்ந்தவர்கள். தமிழகக் கடற்கரை முஸ்லிம்களுள் பெரும்பாலோர் ஷாஃபியீ மத்ஹபினர். ஆயினும் கல்வியின் முன்னே இவ்வேறுபாடுகள் தடையாக நிற்கவில்லை. தென்னகத்தின் பல பகுதிகளிலிருந்தும் மாணவர்கள் வந்து பாடம் கேட்டனர்.

ஆட்சி மாறியும் நிற்காத பாடம்

நவாப் வாலாஜா 1795ஆம் ஆண்டில் மறைந்தார். அவருடைய மகன் உம்தத்துல் உமரா 1801இல் காலமானதும், கர்நாடகத்தின் ஆட்சி முழுவதும் கம்பெனியின் கைக்குச் சென்றது. நவாப் என்னும் பட்டம் மட்டுமே எஞ்சிற்று. ஷாஜஹான்பூரில் கண்ட அதே காட்சியை முதுமையில் மீண்டும் காண நேர்ந்த மௌலானா அவர்கள் இம்முறை ஊர் பெயரவில்லை. கற்பிக்கும் பணியைத் தொடர்ந்து செய்து, 1810ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள், ஹிஜ்ரி 1225 ரஜப் பிறை 12இல், சென்னையிலேயே வஃபாத்தானார்கள். அவர்களுக்குப்பின் மருமகனார் மௌலானா அலாவுத்தீன் அவர்கள் அந்த மத்ரஸாவில் கற்பிக்கும் பொறுப்பை ஏற்றார்கள். வடக்கிலிருந்து வந்த குடும்பத்தின் கல்வி மரபு இந்நகரில் வேரூன்றியது.

மௌலானா அவர்கள் எழுதிய நூல்கள் பல. மார்க்கச் சட்ட மூலங்களைப் பற்றிய ஃபவாத்திஹுர் ரஹமூத் என்னும் விரிவுரை, ஒரு நூற்றாண்டுக்குப்பின் எகிப்தின் பூலாக் அச்சகத்தில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் அல்முஸ்தஸ்ஃபா நூலோடு சேர்த்து அச்சாயிற்று. தொழுகை, ஜகாத், நோன்பு, ஹஜ் ஆகிய நான்கு கடமைகளைப் பற்றி ரஸாயிலுல் அர்கான் என்னும் நூலை இயற்றினார்கள். மௌலானா ரூமி (ரஹ்) அவர்களின் மஸ்னவிக்குப் பார்சியில் உரை வரைந்தார்கள். திருவல்லிக்கேணியில் அடங்கியிருப்பவர்களின் எழுத்து கெய்ரோவின் அறிஞர்களுக்கும் பயன்பட்டது.

பெட்டியில் வைக்க வேண்டியது

அன்புடையீர்! ஊர்கள் மாறின, ஆதரித்தவர்கள் மாறினர், ஆட்சிகளும் மாறின. மௌலானா அவர்களிடம் மாறாதவை இரண்டு. எந்த நகரில் இறங்கினாலும் அங்கே கல்வி வட்டம் கூடிற்று. எங்கே சென்றாலும் தம்மை நம்பியவர்களைக் கைவிடவில்லை.

நம்மவர் புதிய நகருக்குக் குடும்பத்தோடு புறப்படும்போதும் இவ்விரண்டையும் எண்ணிப்பார்ப்பது நலம். நாம் செல்லும் ஊரில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுப்பவர் யார்? ஐவேளைத் தொழுகைக்கு அருகில் பள்ளிவாசல் எது? மொழி அறியாத அவ்வூரில், நாள் முழுதும் தனித்திருக்கும் நம் இல்லாளுக்கு நல்ல அண்டை உண்டா? ஊரிலேயே விட்டுச்செல்லும் முதிய தாய் தந்தையரின் மருந்துக்கும் பராமரிப்புக்கும் பொறுப்பேற்பவர் யார்? சம்பளக் கணக்கில் விடுபட்டுப்போவன இவையே. விடை கிடைக்கவில்லையாயின், அதிக ஊதியம் தரும் இடத்தைவிடச் சற்றுக் குறைந்த ஊதியம் தரும் வேறிடமே குடும்பத்திற்கு உகந்ததாகலாம். ராம்பூரின் மதிப்பையும் ஊதியத்தையும் மௌலானா அவர்கள் துறந்தது இதுபோன்ற கணக்கினால்தான்.

ரிஜ்கை நாடித் தூரதேசம் சென்றுள்ள நம் பிள்ளைகளையும், அவர்களுடைய மனைவி மக்களையும், வழிபார்த்திருக்கும் பெற்றோரையும் வல்ல அல்லாஹ் காத்தருள்வானாக! ஆமீன்.