சொக்சோ சட்டம் வந்தபோது தொழிலமைச்சராக இருந்த தமிழர்: டான்ஸ்ரீ மாணிக்கவாசகம்

சம்பளச் சீட்டில் சேமநிதிப் பிடித்தத்துக்குப் பக்கத்தில் சொக்சோ என்றொரு வரி இருக்கும். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து வெட்டுபவர் முதல் தானா ராத்தா கடையில் வேலை செய்பவர் வரை அந்த வரி எல்லாருக்கும் பழக்கம். அதற்கு அடிப்படையான சட்டம் 1969-இல் வந்தபோது நாட்டின் தொழிலமைச்சராக இருந்தவர் டான்ஸ்ரீ மாணிக்கவாசகம். இளைய தலைமுறையில் பலருக்கு இது தெரியாது.

1926-இல் பிறந்த அவர், 1959 பொதுத்தேர்தலில் கிள்ளான் தொகுதியில் வென்று நாடாளுமன்றம் சென்றார். ம.இ.கா.வில் துன் சம்பந்தனுக்கு அடுத்த நிலைத் தலைவராக வளர்ந்தார். 1960-களில் தொழிலமைச்சரானார், 1974 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். 1967-ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டமும் அவர் காலத்தில் வந்ததுதான்.

அதற்கு முன் தோட்டத்தில் அடிபட்டவருக்கு இருந்தது 1952-ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். நிரந்தர ஊனத்துக்கும் மரணத்துக்கும் ஒருமுறை ஒரு தொகை. அதைக் கொடுக்கவேண்டியது முதலாளி. கேமரன் மலையில் 1929-இல் போ தோட்டமும் 1933-இல் பாரத் தோட்டமும் தொடங்கிய நாளிலிருந்து, செங்குத்தான சரிவுகளில் மழையிலும் பனியிலும் நின்று கொழுந்து பறித்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். கால் வழுக்கி விழுவது, ஆலை இயந்திரத்தில் கை மாட்டுவது, மருந்து அடிக்கும்போது நச்சு ஏறுவது எல்லாம் அந்த வேலையோடு ஒட்டிய ஆபத்துகள். குடும்பத்தைக் காப்பாற்றிய கை போய்விட்டால், வாங்கிய தொகை கரைந்த பிறகு என்ன செய்வது என்பதற்குப் பழைய சட்டத்தில் பதில் இல்லை.

புதிய சட்டம் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது. 1971 ஜனவரி 1-இல் சொக்சோ அமைந்தது. இழப்பீட்டை ஒரு முதலாளி மட்டும் சுமக்காமல், எல்லா முதலாளிகளும் மாதந்தோறும் சந்தா கட்டும் பொது நிதி கொடுக்கும் என்றானது. பெரிய ஊனத்துக்கு ஆயுள் முழுவதும் மாதப் பணம், இறந்தவரின் மனைவி மக்களுக்கு உதவித்தொகை என்று முறை மாறியது. தொடக்கத்தில் குறைந்த சம்பளக்காரர்களுக்கு மட்டுமே இருந்த திட்டம், கட்டம் கட்டமாக விரிந்தது.

அதே அமைச்சர் காலத்தில் வந்த இன்னொரு சட்டம் தோட்ட மக்களைக் கலங்கடித்தது. 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும். சிவப்பு அடையாள அட்டையோடு பல ஆண்டுகள் உழைத்த பல்லாயிரம் பேர் கப்பலேறித் தமிழகம் திரும்பினார்கள். பாதுகாப்புச் சட்டம் வந்த வேளையில், அதன் பயனை அடையாமலே போனவர்கள் அவர்கள். மாணிக்கவாசகத்தின் பணியை எடைபோடும்போது இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

1973-இல் ம.இ.கா.வின் தலைவரானார். நேசா கூட்டுறவுச் சங்கம் அவர் காலத்து முயற்சி. தொடர்புத்துறை அமைச்சராகவும் இருந்தார். 1979 அக்டோபரில் காலமானார்; துன் சம்பந்தன் மறைந்ததும் அதே ஆண்டில்தான். கோலாலம்பூரில் ம.இ.கா. தலைமையகக் கட்டடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

தேயிலைச் சரிவுகளில் இன்று வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா நாட்டவர்கள் அதிகம். வெளிநாட்டுத் தொழிலாளர்கள் 1993-இல் சொக்சோவிலிருந்து பழைய 1952 சட்டத்துக்கு மாற்றப்பட்டார்கள். 2019 ஜனவரி 1 முதல்தான் வேலை விபத்துக்கு மீண்டும் சொக்சோ பாதுகாப்பு பெற்றார்கள்.

வேலை விபத்துத் திட்டத்துக்கான சந்தாவை முதலாளிதான் கட்டவேண்டும். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நடக்கும் விபத்தும், வேலையால் வரும் பட்டியலிட்ட நோய்களும் அதில் அடங்கும். விபத்து தெரிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்கவேண்டும். அடிபட்டவர் அன்றே மண்டோரிடமோ ஆபீசிலோ சொல்லி, மருத்துவச் சான்றைப் பத்திரப்படுத்தி வைப்பது நல்லது. சிறு காயம்தானே என்று பேசாமல் இருந்துவிட்டால், பின்னால் அது வேலையில் பட்ட காயம் என்று காட்டுவது கடினம்.