ஜான் எவர்செட்

ஜான் எவர்செட் (பெப்ரவரி 26, 1864 - நவம்பர் 17, 1956) ஓர் ஆங்கிலேய வானியலாளர் ஆவார். பழனி மலையில் அமைந்துள்ள கொடைக்கானல் சூரிய வானாய்வகத்தில் 1907 முதல் 1923 வரை பணியாற்றினார். சூரியப் புள்ளிகளில் வளிமம் வெளிநோக்கிப் பாய்வதை 1909 இல் கண்டறிந்தார். இது அவர் பெயரால் எவர்செட் விளைவு எனப்படுகிறது.

இளமைக் காலம்

எவர்செட் இங்கிலாந்தின் சரே பகுதியிலுள்ள கோம்சால் என்னும் ஊரில் பிறந்தார். பிழைப்புக்காக வேதியியல் பகுப்பாய்வுத் தொழில் செய்துகொண்டு, ஓய்வு நேரத்தில் வானியலில் ஈடுபட்டார். 1890 இல் கென்லியில் சொந்தமாக ஓர் ஆய்வகம் அமைத்தார். வெப்பமூட்டப்பட்ட வளிமங்கள் வெளிவிடும் கதிர்வீச்சைப் பற்றியும் சோதனைகள் செய்தார். 1898 ஆம் ஆண்டு சூரிய கிரகணத்தைக் காண இந்தியா வந்தார். 1906 இல் வானியலாளர் மேரி ஆக்வொர்த் ஓர் என்பவரை மணந்தார்.

கொடைக்கானலில்

கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,340 மீட்டர் உயரத்தில் உள்ள இவ்வாய்வகம், மிக்கி சிமித் என்பவரின் முயற்சியால் 1899 இல் சென்னையிலிருந்து இங்கு மாற்றப்பட்டது. எவர்செட் 1907 சனவரியில் துணை இயக்குனராகப் பொறுப்பேற்றார். மிக்கி சிமித் ஓய்வு பெற்றதும் 1911 இல் இயக்குனரானார். கருவிகளைத் தாமே வடிவமைத்துச் செய்துகொள்வதில் வல்லவரான எவர்செட், சூரிய ஒளியை மிக விரிவாகப் பிரிக்கும் நிறமாலைவரைவி ஒன்றை அங்கேயே உருவாக்கினார்.

எவர்செட் விளைவு

சூரியப் புள்ளிகளில் காந்தப் புலம் உள்ளதை அமெரிக்க வானியலாளர் ஹேல் 1908 இல் கண்டறிந்தார். அப்புள்ளிகள் சுழல்கள் என அப்போது கருதப்பட்டது. சுழற்சியைத் தேடிய எவர்செட், 1909 சனவரியில் வேறொன்றைக் கண்டார். புள்ளியின் புறநிழல் பகுதியில் வளிமம் மையத்திலிருந்து வெளிநோக்கி, கிடையாக, நொடிக்குச் சுமார் 2 கி.மீ. வேகத்தில் பாய்ந்தது. இதனால், டாப்ளர் விளைவின்படி, புள்ளியின் ஒரு பக்கத்தில் நிறமாலைக் கோடுகள் சிவப்பு நோக்கியும் மறுபக்கத்தில் நீலம் நோக்கியும் விலகுகின்றன. புள்ளி சூரிய வட்டத்தின் நடுவில் இருக்கும்போது பாய்வு பார்வைக் கோட்டிற்குக் குறுக்கே அமைவதால் விலகல் தென்படுவதில்லை.

வெப்பநிலைச் சிக்கல்

6,000 ஆங்சிட்ராம் அலைநீளத்தில் இவ்விலகல் ஏறத்தாழ 0.04 ஆங்சிட்ராம் மட்டுமே. அக்காலக் கீற்றணிகள் செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தால் ஆனவை. இவ்வுலோகத்தின் வெப்பநிலை 1 பாகை மாறினாலே, விரிவின் காரணமாகக் கோடுகள் சுமார் 0.1 ஆங்சிட்ராம் நகர்ந்துவிடும். அதாவது, பிழை அளக்க வேண்டியதைவிடப் பெரிதாகிவிடும். பகல் வெயிலுக்கும் இரவுக் குளிருக்கும் இடையே பெரிய வேறுபாடு உள்ள மலைப்பகுதியில் இது முக்கியமான சிக்கலாகும். புள்ளியின் இருபக்க விலகல்களும் ஒரே ஒளிப்படத் தகட்டில் ஒரே நேரத்தில் பதிவாவதால் எவர்செட் விளைவை அளப்பதில் இப்பிழை பெரிதும் நீங்கியது.

சூரிய ஒளியின் அலைநீளத்தைப் புவியிலுள்ள ஒளியோடு ஒப்பிடுவது இதைவிடக் கடினமானது. ஐன்ஸ்டைனின் கோட்பாட்டின்படி சூரியனின் ஈர்ப்பினால் கோடுகள் சுமார் 0.013 ஆங்சிட்ராம் மட்டுமே சிவப்பு நோக்கி நகர வேண்டும். இதற்காக இரும்பு வில்விளக்கின் நிறமாலையை அவர் ஒப்பீடாகப் பயன்படுத்தினார். விலகலுக்கு வேறு காரணம் உண்டோ என அறிய, வெள்ளிக் கோள் எதிரொளிக்கும் சூரிய ஒளியையும் ஆராய்ந்தார். நீண்ட தயக்கத்திற்குப் பின், 1920களில் ஐன்ஸ்டைனின் விளக்கத்தை ஏற்றார்.

பிற்காலம்

1923 இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பிய எவர்செட், யூகர்சுட் என்னும் ஊரில் தனி ஆய்வகம் அமைத்தார். திரவம் நிரப்பிய பெரிய பட்டகங்களை அங்குப் பயன்படுத்தினார். திரவத்தின் ஒளிவிலகல் எண் வெப்பநிலையால் எளிதில் மாறுமாதலால், வெப்பநிலையைச் சீராக வைப்பது அங்கும் இன்றியமையாததாயிற்று. மேரி 1949 இல் காலமானார். எவர்செட் தமது 92 ஆம் அகவையில் யூகர்சுட்டில் காலமானார்.

கொடைக்கானலில் 1960களில் பயன்பாட்டுக்கு வந்த சூரியத் தொலைநோக்கியில், ஒளி சுமார் 60 மீட்டர் நீளமுள்ள நிலத்தடிச் சுரங்கத்தின் வழியே செலுத்தப்படுகிறது. நிலத்தடியில் வெப்பநிலை பெரிதும் மாறாதிருப்பது இவ்வமைப்பின் சிறப்பாகும்.

சிறப்புகள்

- அரச கழக உறுப்பினர் (1915)
- அரச வானியல் கழகத்தின் தங்கப் பதக்கம் (1918)
- சி.ஐ.இ. பட்டம் (1923)