எழுதப் படிக்கத் தெரியாத ஹைதர் அலி திண்டுக்கல்லில் குதிரைப் படை கட்டியது எப்படி?

திண்டுக்கல்லில் இருந்து வடக்கே கிளம்பினால் தாடிக்கொம்பு, அகரம், வேடசந்தூர் என்று சமவெளி விரிந்துகொண்டே போகும். குடகனாறு பாய்ந்தாலும் பெரும்பகுதி வானம் பார்த்த பூமிதான். திரும்பிப் பார்த்தால் ஊருக்கு நடுவே மொட்டைப் பாறையாக மலைக்கோட்டை நிற்கும். 1755-ல் மைசூரில் இருந்து ஒரு படைத்தலைவர் இந்தக் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். அவர்தான் ஹைதர் அலி.

ஹைதர் என்றாலே பலருக்கும் திப்பு சுல்தானின் அப்பா என்பதும், ஆங்கிலேயரை நடுங்க வைத்தவர் என்பதும் நினைவுக்கு வரும். அந்தப் பயம் எதனால் வந்தது? முக்கியமான ஒரு பதில், குதிரை. குதிரையை வாங்குவது, பழக்குவது, தீனி போடுவது, அதன் கணக்கை வைத்துக்கொள்வது ஆகிய நான்கையும் அவரளவுக்குக் கவனித்த தென்னிந்திய ஆட்சியாளர்கள் குறைவு. அவர் தனியாக ஒரு பகுதியை ஆண்டு, தனக்கென்று படையும் பணமும் சேர்த்தது திண்டுக்கல்லில்தான்.

யார் இந்த ஹைதர்?

கோலார் பக்கம் பூதிக்கோட்டையில் 1720-ஐ ஒட்டிப் பிறந்தவர். அப்பா ஃபதே முகமது ஒரு படைத்தலைவர். ஹைதர் சின்னப் பையனாக இருக்கும்போதே அப்பா போரில் இறந்துபோனார். குடும்பம் கஷ்டத்தில் விழுந்தது. பள்ளிப் படிப்பு கிடைக்கவில்லை. கடைசி வரை அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஞாபக சக்தி அபாரம். பார்த்த முகம், கேட்ட கணக்கு எதையும் மறக்காதவர் என்று எதிரிகளே எழுதி வைத்திருக்கிறார்கள்.

1749-ல் தேவனஹள்ளி முற்றுகையில் அவருடைய துணிச்சல் மைசூர் அமைச்சர் நஞ்சராஜாவின் கண்ணில் பட்டது. சிறிய குதிரைப் பிரிவு ஒன்றும் கொஞ்சம் காலாட்களும் அவர் பொறுப்பில் வந்தன. 1750 டிசம்பரில் செஞ்சி அருகே நிஜாம் நாசிர் ஜங் கொல்லப்பட்டார். பாசறையே கலைந்து ஓடியது. அந்தக் குழப்பத்தில் ஹைதரின் ஆட்கள் நிஜாமின் பொற்காசுகளை அள்ளிக்கொண்டார்கள். குதிரைகளும் துப்பாக்கிகளும் சேர்ந்தன. அடுத்து சில ஆண்டுகள் திருச்சிராப்பள்ளியைச் சுற்றி நடந்த சண்டைகளில், பிரெஞ்சு, ஆங்கிலப் படைகள் எப்படி இயங்குகின்றன என்பதைக் கிட்ட இருந்து பார்த்தார்.

குதிரை வளராத மண்

தமிழ் மண்ணில் குதிரை லேசில் பெருகுவதில்லை. வெக்கையும் ஈரமும் அதற்கு ஒத்துக்கொள்ளாது. நல்ல மேய்ச்சல் புல்லும் குறைவு. அதனால் பாண்டியர் காலத்தில் இருந்தே அரேபியா, பாரசீகத்தில் இருந்து கப்பலில்தான் குதிரைகள் வந்தன. காயல் துறைமுகத்தில் இறங்கிய குதிரைகளுக்குக் கொட்டிக் கொடுத்த பணத்தையும், சரியாகப் பராமரிக்கத் தெரியாமல் அவை செத்ததையும் மார்கோ போலோ பதிவு செய்திருக்கிறார். குதிரை வீரன் என்ற பொருள் கொண்ட ராவுத்தர் என்ற பெயரும் இந்தப் பழைய குதிரைத் தொடர்பில் வந்ததுதான். திண்டுக்கல் வட்டாரத்தில் இன்றும் ராவுத்தர் குடும்பங்கள் நிறைய.

ஆக, தெற்கே குதிரைப் படை வைத்திருப்பது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான். ஒரு குதிரை செத்தால் போட்ட முதலே போச்சு. குதிரைப் படை வேண்டும் என்கிறவருக்கு வீரம் மட்டும் போதாது, கணக்கும் தெரிய வேண்டும்.

திண்டுக்கல் ஃபௌஜ்தார்

திண்டுக்கல் அப்போது மைசூரின் கையில் இருந்தது, பெயரளவில். விருப்பாச்சி, கன்னிவாடி, பழனி வட்டாரப் பாளையக்காரர்கள் வரி கட்ட மறுத்தார்கள். அவர்களை அடக்கத்தான் ஹைதர் ஃபௌஜ்தாராக அனுப்பப்பட்டார். படைத் தலைமையும் வரி வசூலும் ஒரே கையில் இருக்கும் பதவி அது. அந்த இரண்டும் சேர்ந்ததுதான் அவருக்கு வசதியாகப் போனது.

கணக்குப் பார்க்க கண்டே ராவ் என்ற பிராமண அதிகாரியை வைத்துக்கொண்டார். போரில் கிடைக்கும் பொருளில் பாதி பிடித்தவனுக்கு, பாதி ஹைதருக்கு. மாடு, குதிரை முதல் தலைப்பாகை வரை எல்லாம் கணக்கில் ஏறும். பிரெஞ்சுக்காரர்களை வரவழைத்து பீரங்கி, ஆயுதப் பட்டறையும் திண்டுக்கல்லில் அமைத்தார்.

தந்திரங்களுக்கும் குறைவில்லை. ஆங்கிலேய வரலாற்றாசிரியர் மார்க் வில்க்ஸ் இரண்டைக் குறிப்பிடுகிறார். மைசூரில் இருந்து ஆய்வுக்கு வந்த அதிகாரியிடம் காயம்படாத ஆட்களுக்கும் மஞ்சள் தோய்த்த கட்டுப் போட்டுக் காட்டி உதவித்தொகை வாங்கினார். படையைக் கணக்கெடுக்கும்போது, ஒரே ஆட்களைச் சுற்றி வரவைத்து எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டினார். அப்படி வந்த பணம் மறுபடியும் ஆளாகவும் குதிரையாகவும் மாறியது. வில்க்ஸ் எதிர்த்தரப்பு ஆள் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டுதான் இதைப் படிக்க வேண்டும்.

திண்டுக்கல் பக்கத்து மானாவாரி நிலங்களில் கொள்ளு நன்றாக விளையும். குதிரைக்கு முக்கியமான தீனியே அதுதான். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும் குதிரை, கடிவாளம் என்றால் மூடிக்கொள்ளும் என்று ஊர்ப்பக்கம் சொல்வது வழக்கம். கொள்ளைக் காட்டித்தான் கடிவாளத்தைப் போட முடியும். அன்றைய லாயத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரிந்த பாடம் இது.

குதிரை யாருடையது?

அந்தக் காலக் குதிரைப் படையில் இரண்டு வகை உண்டு. சொந்தக் குதிரையோடு வேலைக்கு வருபவன் சிலேதார். அரசாங்கக் குதிரையில் ஏறுபவன் பார்கிர்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? சிலேதாரின் மொத்தச் சொத்தும் அந்தக் குதிரைதான். அது குண்டடி பட்டுச் செத்தால் மறுநாள் அவனுக்குப் பிழைப்பு இல்லை. அதனால் ஊருக்குள் புகுந்து சூறையாடுவதில், எதிரியின் தானிய வண்டிகளை மறிப்பதில் அவன் கில்லாடி. துப்பாக்கி வரிசையை நேருக்கு நேர் மோதச் சொன்னால் தயங்குவான். பார்கிருக்கு அந்தக் கவலை இல்லை. குதிரை போனால் லாயத்தில் இருந்து இன்னொன்று வரும்.

ஹைதர் இரண்டு வகையையும் வைத்துக்கொண்டார். சூறைக்கும் வேவுக்கும் சிலேதார். நேரடிப் போருக்கு, தன் சொந்த லாயத்தில் தேர்ந்தெடுத்துப் பழக்கிய குதிரைகளும் அவற்றில் ஏறிய வீரர்களும்.

வால் காட்டினால் பாதி விலை

1761 வாக்கில் மைசூரின் முழு அதிகாரமும் ஹைதரின் கைக்கு வந்தது. 1763-ல் பெத்னூரைப் பிடித்தார். அதோடு மங்களூர் கடற்கரையும் கிடைத்தது. குதிரைக் கப்பல்கள் வரும் வாசல் அது.

அவரிடம் பணியாற்றிய பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் குறிப்புகளில் ஒரு செய்தி வருகிறது. குதிரை வியாபாரிகளை ஹைதர் நன்றாக நடத்தினார். நல்ல விலை, கையிலே காசு வாயிலே தோசை. அவருடைய எல்லைக்குள் வரும் வழியில் குதிரை இறந்துவிட்டால், அதன் வாலைக் கொண்டுவந்து, உள்ளூர் அதிகாரியின் சான்றோடு காட்டினால் பாதி விலை வியாபாரிக்குக் கிடைக்கும். இன்றைய பேச்சில் சொன்னால் இது ஒரு காப்பீடு. நஷ்டம் பாதியாகக் குறைந்தால் வியாபாரி எந்தப் பக்கம் ஓட்டிக்கொண்டு போவார்? நல்ல குதிரைகள் முதலில் ஹைதரிடம் வந்து நின்றன.

காலையில் மாடத்தில் வந்து அமர்ந்தால் யானைகளையும் குதிரைகளையும் அவர் முன் நடத்திக் காட்டுவார்கள். மெலிந்திருக்கிறதா, கால் நொண்டுகிறதா என்பது அந்தக் கண்ணுக்குத் தப்பாது. இன்று பந்தயக் குதிரைகளுக்குப் பயிற்சி கொடுப்பவர்களும் விடியற்காலையில் முதலில் செய்யும் வேலை இதுதான்.

மூன்றரை நாளில் 130 மைல்

இந்த உழைப்புக்கெல்லாம் பலன் தெரிந்தது 1769 மார்ச்சில். இரண்டு வருடமாக ஆங்கிலேயரோடு போர். ஹைதர் பீரங்கிகளையும் பெரும்பாலான காலாட்படையையும் மைசூர் திசைக்குத் திருப்பி அனுப்பினார். பொறுக்கி எடுத்த சுமார் 6,000 குதிரை வீரர்கள், கூடவே சிறிய காலாட் பிரிவு ஒன்று, அவ்வளவுதான். மூன்றரை நாளில் 130 மைல், அதாவது ஏறக்குறைய 210 கிலோமீட்டர் கடந்து, சென்னை பரங்கிமலைப் பக்கம் வந்து நின்றார். ஆங்கிலேயப் படை வெகுதூரத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. கோட்டையில் இருந்தவர்களுக்குப் பேச்சுவார்த்தையைத் தவிர வேறு வழியில்லை. ஏப்ரல் தொடக்கத்தில் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிடித்த இடங்களை இரு தரப்பும் திருப்பித் தருவது, ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் உதவுவது என்று முடிவானது.

பரங்கிமலைக்குப் பக்கத்தில் உள்ள கிண்டியில் எட்டு வருடம் கழித்து, 1777-ல் குதிரைப் பந்தயம் தொடங்கியதாகச் சொல்லப்படுகிறது. பந்தயக் குதிரைக்கும் படைக் குதிரைக்கும் ஓட்டம் வேற, பழக்கமும் வேற. டெர்பி பந்தயத்தின் 2,400 மீட்டரைப் பந்தயக் குதிரை சுமார் இரண்டரை நிமிடத்தில் முடித்துவிடும். ஹைதரின் குதிரை ஒரு நாளைக்கு 60 கிலோமீட்டர், ஆளையும் ஆயுதத்தையும் சுமந்து, கிடைத்ததைத் தின்று, மறுநாளும் எழுந்து நடக்க வேண்டும்.

வேலு நாச்சியாருக்குக் கிடைத்த துணை

1772-ல் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். அவருடைய மனைவி வேலு நாச்சியார், குழந்தை வெள்ளச்சியோடு திண்டுக்கல் சீமைக்கு வந்தார். விருப்பாச்சி கோபால நாயக்கர் அடைக்கலம் கொடுத்தார். அந்த ஆண்டு டிசம்பரில் தளவாய் தாண்டவராயப் பிள்ளை, 5,000 குதிரை வீரர்களும் 5,000 காலாட்களும் கேட்டு ஹைதருக்குக் கடிதம் அனுப்பினார். குதிரையேற்றம் கற்ற, உருது பேசத் தெரிந்த வேலு நாச்சியார் பிறகு ஹைதரை நேரில் சந்தித்தார். உதவி உடனே வரவில்லை. வருடக்கணக்கில் காத்திருந்து, 1780-ல்தான் ஹைதரின் துணையோடு சிவகங்கையை மீட்டார்.

அதே குதிரைகள், எரிந்த ஊர்கள்

1769 ஒப்பந்தத்தை ஆங்கிலேயர் காப்பாற்றவில்லை. மராத்தியர்கள் மைசூருக்குள் புகுந்தபோது ஹைதர் உதவி கேட்டார், யாரும் வரவில்லை. அந்தக் கோபம் ஆறவே இல்லை. 1780 ஜூலையில் பெரும் படையோடு கர்நாடகச் சீமைக்குள் இறங்கினார். செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை நொறுங்கியது.

வெற்றியின் மறுபக்கம் கொடுமையானது. எதிரிக்குத் தானியமோ தீவனமோ கிடைக்கக்கூடாது என்பதற்காக, சென்னையைச் சுற்றியுள்ள ஊர்களையும் வயல்களையும் ஹைதரின் குதிரைப் படை எரித்தது. ஏரிக்கரைகள் உடைந்தன. மக்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளில் வந்த பஞ்சத்தில் ஏராளமானோர் செத்தார்கள். குதிரைக்குக் கொள்ளு கொடுத்த அதே குடியானவர்களைப் போன்றவர்கள்தான் அந்தக் குதிரையின் குளம்படியில் அதிகம் நசுங்கினார்கள். ஹைதரைப் புகழும்போது இதை விட்டுவிட்டால் கதை பாதிதான்.

1781 ஜூலையில் பரங்கிப்பேட்டையில் ஹைதர் தோற்றார். 1782 டிசம்பர் 7 அன்று சித்தூர் அருகே பாசறையிலேயே நோயால் இறந்தார். படை கலைந்துவிடுமோ என்ற பயத்தில் சாவை மறைத்தார்கள். புதையல் பெட்டி போல உடலை அனுப்பினார்கள். மலபார் கரையில் இருந்த திப்புவுக்குச் சேதி போய், அவர் வந்து சேரும்வரை ரகசியம் பெரும்பாலும் காக்கப்பட்டது.

இன்று என்ன மிச்சம்?

1792-ல் திண்டுக்கல் சீமை ஆங்கிலேயர் கைக்குப் போனது. மலைக்கோட்டையில் ஹைதர், திப்பு காலத்துக் கட்டுமானங்கள் இன்றும் இருக்கின்றன. அடிவாரத்துப் பக்கம் பேகம்பூர் பள்ளிவாசலில் ஹைதரின் தங்கை அமீருன்னிசா பேகத்தின் அடக்கத்தலம் இருக்கிறது. அந்தப் பகுதிக்குப் பெயரே அவரால் வந்ததுதான்.

குதிரைகளின் கதை கர்நாடகத்தில் தொடர்கிறது. படைக்குக் குதிரை வளர்க்க, துமகூரு மாவட்டம் குணிகல்லில் திப்பு காலத்தில் தொடங்கியதாகச் சொல்லப்படும் பண்ணை, பின்னாளில் பந்தயக் குதிரைப் பண்ணையாக மாறியது. போருக்காக ஆரம்பித்த இடத்தில் வளர்ந்த குட்டிகள் பந்தய மைதானங்களுக்குப் போயின.

அகரம், தாடிக்கொம்பு சமவெளியில் இன்று குதிரைப் படையின் சுவடு எதுவும் கண்ணில் படாது. கொள்ளு மட்டும் மானாவாரிக் காடுகளில் இப்போதும் விதைக்கப்படுகிறது. அது இப்போது ரசத்துக்கும் துவையலுக்கும் போகிறது.